சித்தப்பாவோட ரிப்ளை ஏன் ஸ்பாமுக்கு போச்சு

நல்லதண்ணியில சித்தப்பாவுக்கு 5 ரூம் உள்ள சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒண்ணு இருக்குது. சிவனொளிபாத மலை ஏற வாறவங்க தங்குறதுக்கு. டிசம்பர் போயாவுக்கு, அதான் பௌர்ணமிக்கு, தொடங்கி மே மாசம் வெசாக் வரைக்கும்தான் சீசன், அதுக்குள்ள உழைக்கிறத வச்சுத்தான் வருசம் முழுக்க ஓட்டணும், மிச்ச மாசமெல்லாம் மழையும் காத்தும் அட்டைக்கடியும்தான்.

போன சீசன்ல லீவு போட்டுட்டு கொழும்புல இருந்து போயிருந்தேன். ஒரு நாள் காலையில பிரான்ஸ்காரங்க ரெண்டு பேரு, புருசன் பொஞ்சாதி, மலை இறங்கி வந்து முன்னுக்கு மேசையில உக்காந்து ரொட்டியும் கட்டசம்பலும் சாப்புட்டுக்கிட்டு இருந்தாங்க. தங்குனது வேற எடத்துல, இங்க சாப்புட மட்டும் வந்தவங்க. பேச்சுவாக்குல அந்த அம்மா சொல்லுது, உங்க எடத்துக்குதான் மொதல்ல மெயில் போட்டோம், பதிலே இல்ல, அதனாலதான் வேற எடம் பார்த்தோம்னு. சித்தப்பாவுக்கு மொகமே மாறிப்போச்சு. "அன்னிக்கே பதில் போட்டேனே தம்பி, நீ சொல்லு இவங்களுக்கு"னு என்னைய பார்க்கிறாரு. அந்த அம்மா போன எடுத்து ஸ்பாம் போல்டர தொறந்து காட்டுச்சு. அங்க கெடக்குது சித்தப்பாவோட ரிப்ளை, மேல லொத்தர் விழுந்திருக்குனு ஒண்ணு, கீழ ஏதோ மாத்திரை விக்கிற மெயில் ஒண்ணு, நடுவுல "டியர் சேர் அண்ட் மேடம், ரூம் இஸ் அவைலபிள், ஹொட் வோட்டர் ஆல்சோ".

நான் ஐடி சப்போட் வேலை செய்றவன். வெப்சைட்டும் டொமைனும் எடுத்துக் குடுத்தது நான்தான். அப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு பாருங்க.

அன்னிக்கு ராத்திரி மலை ஏற கெளம்புறவங்களுக்கு பிளேன்டி ஊத்திக் குடுத்து முடிய 2 மணி ஆச்சு, அதுக்கு பெறகு லெப்டொப்ப தூக்கிக்கிட்டு குசினிக்குள்ள உக்காந்தேன், அங்கதான் அடுப்புச் சூடு இருக்கும். சித்தப்பாவோட எக்கவுண்ட்ல இருந்து என் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் போட்டு, அத தொறந்து மூணு புள்ளிய அமத்தி "ஷோ ஒரிஜினல்" குடுத்தேன். இது போன் எப்ல இல்ல, கம்பியூட்டர்லதான் பார்க்கலாம். மேல சின்னதா ஒரு டேபிள் வரும், மொத்தக் கதையும் அதுலயே இருக்கு. எஸ்பிஎஃப் சொஃப்ட்ஃபெயில். டிகிம் பாஸ்னு இருந்திச்சு, ஆனா பக்கத்துல போட்டிருந்த டொமைன் நம்மளோடது இல்ல, ஜிஏபிபிஎஸ்எஸ்எம்டிபி.கொம்னு முடியுது. டிமார்க்னு ஒரு வரியே இல்ல.

சித்தப்பாவும் தூங்காம பக்கத்துல வந்து உக்காந்துக்கிட்டாரு, என்னடா இதுனு. அவரும் எங்க அப்பாவும் ஸ்டோர்ல, அதாவது தேயிலை பெக்டரியில, வேலை செஞ்சவங்க, அதனால தேயிலை மூட்டைய வச்சே சொல்லிப் பார்த்தேன். ஸ்டோர்ல இருந்து கொழும்புக்கு மூட்டை போகுது. எஸ்பிஎஃப்ங்கிறது நம்ம மூட்டைய ஏத்துறதுக்கு பெர்மிட் உள்ள லொறி நம்பரெல்லாம் எழுதி கேட்ல ஒட்டி வைக்கிற லிஸ்ட். டிகிம்ங்கிறது மூட்டையில குத்துற சீல், எந்த லொறியில வந்தாலும் சீல் உடையாம இருந்தா சரக்கு நம்மளோடதுதான். டிமார்க்ங்கிறது, லொறியும் லிஸ்ட்ல இல்ல சீலும் நம்மளோடது இல்லனா மூட்டைய என்ன செய்யணும்னு வாங்குறவனுக்கு நாமளே எழுதிக் குடுக்கிற ஓடர். இப்ப நம்ம மூட்டையில சீல் இருக்கு, ஆனா அடுத்த தோட்டத்து சீல். லொறியும் லிஸ்ட்ல இல்ல. "அப்ப திருப்பித்தானே அனுப்புவான்"னாரு சித்தப்பா. அவ்வளவுதான், வெளங்கிருச்சு அவருக்கு. எனக்கு இது வெளங்க வருசக்கணக்கு ஆச்சு.

இதெல்லாம் ஏன் தேவைனா, மெயில் ஓடுற எஸ்எம்டிபிங்கிற மொறை 1982ல ஜொன் போஸ்டல் எழுதினது, அந்தக் காலத்துல நெட்வேர்க்ல இருந்த ஆளுங்க கொஞ்சப் பேருதான், அனுப்புறவன் பேர்ல எவன் பேர வேணும்னாலும் போடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. இப்பவும் அந்த அடிப்படை அப்படியேதான் இருக்கு. இந்த மூணு ரெக்கோடும் அதுக்கு மேல பெறகு ஒட்டினது. 2024 பெப்ரவரியில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் இறுக்கிட்டாங்க. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5,000க்கு மேல அனுப்புறவங்களுக்கு மூணும் கட்டாயம், நம்மள மாதிரி சின்ன ஆளுங்களுக்கும் எஸ்பிஎஃப் இல்லனா டிகிம் ஏதாச்சும் ஒண்ணு இருந்தே ஆகணும்.

சரி எஸ்பிஎஃப்ல இருந்து தொடங்கினேன். டொமைன் எல்கேல முடியுறது, வெப்சைட் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில, மெயில் மட்டும் கூகுள் வேர்க்ஸ்பேஸ். டிஎன்எஸ், அதாவது டொமைன பத்தி வெளிய உள்ளவங்க கேட்டுப் பார்க்கிற ரெக்கோடெல்லாம் வைக்கிற எடம், ஹோஸ்டிங்காரங்களோட பெனல்லதான் இருக்கு. நான் போட்ட வரி "வி=எஸ்பிஎஃப்1 இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.கொம் ~ஆல்". இங்க தமிழ்ல எழுதுறேன், பெட்டிக்குள்ள இங்கிலீஷ் எழுத்துலதான் போடணும், இதையே கொப்பி பண்ணி போட்டுறாதீங்க. ரெக்கோட் டைப் டிஎக்ஸ்டி, அதாவது வெறும் எழுத்து, பேர் எடத்துல வெறும் எட் குறி (@). சேவ் பண்ணிட்டு நிம்மதியா படுத்துட்டேன்.

காலையில பார்த்தா சொஃப்ட்ஃபெயில் போய் பேர்ம்எரர்னு வந்திருக்கு, அதாவது முந்தினத விட மோசம். ஹோஸ்டிங் சப்போட்டுக்கு எழுதினா "ப்ரொபகேசன் ஆகணும், 48 மணித்தியாலம் பொறுங்க"ங்கிறாங்க, அதாவது புது ரெக்கோட் எல்லா எடத்துக்கும் போய்ச் சேரணுமாம். அவங்ககிட்ட எத கேட்டாலும் இதுதான் பதில், வீட்ட கொளுத்திட்டேன்னு சொன்னாலும் 48 மணித்தியாலம் பொறுங்கனுதான் சொல்லுவாங்க போல. சரி நானே விண்டோஸ்ல என்எஸ்லுக்அப் போட்டு டிஎக்ஸ்டி ரெக்கோட கேட்டுப் பார்த்தேன், ரெண்டு எஸ்பிஎஃப் வரி வருது. ஒண்ணு நான் போட்டது, மத்தது வெப்சைட் தொடங்கின அன்னிக்கே பெனல் தானா போட்டு வச்சது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கோட்தான் இருக்கலாம், ரெண்டு இருந்தா ரெண்டுமே செல்லாது, எது சரினு பார்த்துக்கிட்டு நிக்க மாட்டாங்க, எரர்தான். ரெண்டையும் ஒரே வரியா சேர்க்கணும், ஹோஸ்டிங் சேர்வரோட ஐபி நம்பர ஐபி4னு முன்னுக்கு போட்டு, பெறகு கூகுளோட இன்க்ளூட், கடைசியில ~ஆல். ஒரு வரியில இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ்னு டிஎன்எஸ்ல தேட வைக்கிற சாமான் மொத்தம் 10க்கு மேல போகக்கூடாது, இன்க்ளூட்டுக்கு உள்ள இருக்கிற இன்க்ளூட்டும் கணக்குல வரும். நேரடியா போடுற ஐபி4 கணக்குல வராது.

கடைசியில வாற ஆல்ல அலைக்குறியா, மைனஸானு ஆளுக்காள் சண்டை பிடிப்பாங்க. மைனஸ்னா லிஸ்ட்ல இல்லாதவன் கட்டாயம் ஃபெயில். அலைக்குறின்னா நம்ம ஊர்ல கொழுந்து கிலோ கொறைஞ்சா அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம், போடுற மாதிரி, சந்தேகம் ஆனா வெளிய தள்ளல்ல. நான் அலைக்குறியிலயே விட்டுட்டேன். டிமார்க் போட்டதுக்கு பெறகு கடைசி முடிவ அதுதான் எடுக்கும், மைனஸ் போட்டா சில சேர்வர் டிகிம் சீல பார்க்காமலே வாசல்லயே வெட்டி விட்டுரும்.

டிகிம்ல பெரிசா கதை இல்ல. கூகுள் எட்மின்ல ஜிமெயில் செட்டிங்ஸுக்குள்ள "ஓதன்டிகேட் ஈமெயில்"னு ஒரு எடம் இருக்கு, அங்க 2048 பிட் கீ ஒண்ணு செஞ்சா ஒரு பேரும் நீளமான ஒரு எழுத்துக் கோர்வையும் தரும். பேர் கூகுள்._டொமைன்கீ. ஒரு டிஎக்ஸ்டி துண்டுல 255 எழுத்துதான் புடிக்கும், 2048 பிட் கீ மட்டுமே 392 எழுத்து, அதனால ரெண்டு துண்டா மேற்கோள் குறிக்குள்ள போடணும், சில பெனல் தானாவே பிரிச்சுக்கும், சில பெனல் ஒண்ணும் சொல்லாம வால வெட்டிரும். என்னோட பெனல் ரெண்டாவது ரகம். சேவ் பண்ணினதும் மறுபடி என்எஸ்லுக்அப்ல எடுத்து கடைசி நாலு எழுத்து கூகுள் குடுத்ததோட ஒத்துப்போகுதானு பாருங்க, அது போதும். அப்புறம் திரும்ப கூகுளுக்கு வந்து "ஸ்டார்ட் ஓதன்டிகேசன்" பட்டன அமத்தணும். அத அமத்தாம ரெண்டு நாள் காத்துக்கிட்டு இருந்த ஆள எனக்குத் தெரியும். நான்தான்.

டிமார்க்தான் உண்மையில என்னைய படுத்தினது. வரி என்னமோ சின்னது, "வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யூஏ=" அதுக்குப் பின்னால மெயில்டு போட்டு ரிப்போட் வரவேண்டிய அட்ரஸ். பி=நன்னா, ஃபெயிலானாலும் ஒண்ணும் செய்யாத, ரிப்போட் மட்டும் அனுப்புனு அர்த்தம். பேர் _டிமார்க். அந்தப் பேர் பெட்டியில நான் நல்ல புள்ளையா டொமைன் பேரையும் சேர்த்து முழுசா அடிச்சேன், பெனல் பின்னால இன்னொரு தடவை டொமைன ஒட்டிக்கிச்சு. _டிமார்க் டொட் டொமைன் டொட் எல்கே டொட் டொமைன் டொட் எல்கே. ஹட்டன் பஸ்ல கொண்டக்டர் ஊர் பேர ரெண்டு தடவை கத்துற மாதிரி. வெளியில இருந்து பார்க்கிறவனுக்கு அந்த ரெக்கோட் இல்லவே இல்ல. திருத்தினதுக்கு பெறகும் கொஞ்ச நேரம் "இல்ல"னே காட்டிச்சு, ஏன்னா இல்லங்கிற பதிலையும் டிஎன்எஸ் ஞாபகம் வச்சிருக்கும், நான்தான் ரெக்கோட் போட முந்தியே அவசரப்பட்டு பத்து தடவை கேட்டு வச்சிருந்தேனே.

அதுக்கு பெறகு நான் கொழும்புக்கு வந்துட்டேன். மவுசாக்கலை தண்ணி நல்லா கொறைஞ்சு பழைய மஸ்கெலியா டவுன் கோயில் வெளிய தெரிஞ்ச நேரம், பஸ் ஜன்னல்ல எல்லாரும் போட்டோ எடுக்க, நான் போன்ல ரிப்போட் வந்திருக்கானு பார்த்துக்கிட்டே போனேன். வரல்ல. ஒரு கிழமை ஆச்சு, ஒண்ணும் வரல்ல. கடைசியில காரணம் என்னன்னா ரிப்போட் வரவேண்டிய அட்ரஸா என் சொந்த ஜிமெயில குடுத்திருந்தேன். ஒரு டொமைனோட ரிப்போட் வேற டொமைனுக்கு போகணும்னா, வாங்குற டொமைன்காரன் "ஆமா, நான் வாங்கிக்கிறேன்"னு அவனோட டிஎன்எஸ்ல ஒரு ரெக்கோட் போட்டு வச்சிருக்கணும். இல்லனா எவன் வேணும்னாலும் எவன் தலையில வேணும்னாலும் ரிப்போட்ட கொட்டலாமே. எனக்காக ஜிமெயில் போய் ரெக்கோட் போடவா போகுது. சித்தப்பா டொமைன்லயே ரிப்போட்னு ஒரு அட்ரஸ் செஞ்சு குடுத்தேன், மறுநாளே வந்திச்சு.

ரிப்போட்னா வாசிக்கிற மாதிரி கடுதாசி இல்ல, சிப் பண்ணின எக்ஸ்எம்எல். எந்த ஐபில இருந்து எத்தனை மெயில் நம்ம பேர்ல வந்திச்சு, எஸ்பிஎஃப் என்ன, டிகிம் என்னனு இருக்கும், மெயிலுக்குள்ள எழுதினது ஒண்ணும் இருக்காது. ஆரம்பத்துல கண்ணாலயே வாசிச்சேன், பெறகு எக்செல்ல போட்டேன்.

நான் இந்த போஸ்ட எழுதினதே இந்த எடத்த சொல்லத்தான். ரெக்கோட் மூணும் சேர்த்து மூணு வரி, எங்க தேடினாலும் கெடைக்கும். நம்ம பேர்ல யார் யாரெல்லாம் மெயில் அனுப்புறாங்கங்கிறது எங்கயும் கெடைக்காது. சித்தப்பாகிட்ட மொதல்லயே கேட்டேன். "நான் மட்டும்தான் தம்பி, வேற யாரு இங்க"னு சொன்னாரு. ரிப்போட்ல மூணு எடம். கூகுள், அது சித்தப்பா. ஹோஸ்டிங் சேர்வரோட ஐபி, அது வெப்சைட் போர்ம் நெரப்பினவங்களுக்கு தானா போற "நன்றி, உங்கட மெசேஜ் கெடச்சது" மெயில். மூணாவது ஏதோ அமெரிக்க ஐபி, ஒரே நாள்ல 140 மெயில், எஸ்பிஎஃப்பும் டிகிம்மும் வேற ஒரு கம்பெனி பேர்ல பாஸ், நம்ம பேர்ல ரெண்டும் ஃபெயில். நான் யாரோ கள்ளத்தனமா அனுப்புறான்னு முடிவே பண்ணிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு தங்கச்சி, அதான் சித்தப்பா மக, பேராதனையில படிக்கிறவ, கோல் எடுத்து வேற ஏதோ கேக்குறப்போ சும்மா சொன்னேன். "ஐயோ அண்ணே, அது நான்தான், போன வருசம் வந்த ஆளுங்களுக்கெல்லாம் டிஸ்கவுண்ட் மெயில் ஒண்ணு போட்டேன், ஃப்ரீயா ஒரு சைட் இருந்திச்சு"ங்கிறா. அப்பாவுக்கு சொன்னியானு கேட்டா, சொன்னா திட்டுவாருனு சொல்லல்லயாம்.

நான் மட்டும் ஆர்வக்கோளாறுல மொத நாளே பி=ரிஜெக்ட் போட்டிருந்தா அந்த 140ம் போற எடத்துல எல்லாம் திரும்பியிருக்கும், நானும் ரிப்போட்ட பார்த்து கள்ளன்தான் மாட்டினான்னு நெனச்சிருப்பேன். பி=நன்னுல ஒண்ணும் நடக்காதே, எதுக்கு போடணும்னு கேக்குறவங்களுக்கு, அது பார்த்துக்கிட்டு இருக்கிறதுக்குத்தான். அவளோட சைட்லயே நம்ம டொமைன் பேர்ல சீல் குத்துறதுக்கு வழி இருக்கு, அவங்க குடுக்கிற சிநேம் ரெக்கோட் ரெண்ட நம்ம டிஎன்எஸ்ல போட்டா சரி. எஸ்பிஎஃப்ல தொடவே தேவையில்ல. எஸ்பிஎஃப், டிகிம் ரெண்டுல ஒண்ணு பாஸாகி நம்ம பேரோட ஒத்துப்போனா டிமார்க்குக்கு போதும்.

வெப்சைட் போர்ம்ல இன்னொரு பூதம் இருந்திச்சு, அது ரிப்போட்ல கூட வரல்ல. ஹோஸ்டிங் எக்கவுண்ட்ல தானா உண்டாகிற ஒரு மெயில்பொக்ஸ் இருக்கும், அத நாங்க யாரும் ஒரு நாளும் தொறந்ததில்ல. சும்மா தொறந்து பார்த்தா திரும்பி வந்த மெயில் 60க்கு மேல கெடக்குது. எல்லாமே யாஹூ ஆளுங்க. போர்ம் எப்படி செட் பண்ணியிருந்தேன்னா, யார் நெரப்புறாங்களோ அவங்களோட அட்ரஸையே அனுப்புறவர் பேர்ல போட்டு சித்தப்பாவுக்கு மெயில் போகும், ரிப்ளை அமத்தினா நேரா அவங்களுக்கே போகட்டும்னு கெட்டித்தனமா செஞ்சது. ஆனா யாஹூ 2014 ஏப்ரல்ல இருந்தே அவங்க டொமைனுக்கு பி=ரிஜெக்ட் போட்டு வச்சிருக்காங்க. யாஹூ பேர்ல ஒரு மெயில் கொழும்புல உள்ள ஏதோ ஹோஸ்டிங் சேர்வர்ல இருந்து வந்தா, கூகுள் யாஹூ சொன்னபடியே திருப்பி அனுப்பிருச்சு. கூகுள்லயும் பிழை இல்ல, யாஹூலயும் பிழை இல்ல, பிழை நான். இத்தனை நாளும் எங்க சீல யாரும் மதிக்கிறாங்க இல்லனு பொலம்பினவன், அடுத்தவன் சீல போலியா குத்திக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப அனுப்புறவர் எடத்துல நம்ம டொமைன் அட்ரஸ், ரிப்ளை-டு எடத்துல வந்தவரோட அட்ரஸ், போற வழியும் ஹோஸ்டிங் சேர்வர் இல்லாம கூகுள் வழியா. ஆனா அந்த 60 பேரு. அதுல ரெண்டு மூணு பேரு குடும்பமா 4 ரூம் கேட்டிருந்தாங்க. சித்தப்பாகிட்ட இன்னும் சொல்லல்ல, தங்கச்சிய திட்டுறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை.

ஆ, ஒண்ணு விட்டுப்போச்சு. அவரு பேருக்கு ஒரு டொட் கொம்மும் வாங்கி வச்சிருக்காரு, மெயில் வெப்சைட் ஒண்ணும் இல்ல, சும்மா கெடக்குது. அதுக்கு "வி=எஸ்பிஎஃப்1 -ஆல்", டிமார்க்ல நேரா பி=ரிஜெக்ட். அங்க மைனஸ் போட யோசிக்கவே தேவையில்ல, அனுப்புறதுக்கே ஆள் இல்லாத எடம்.

ரெண்டு மாசம் நன்னுல வச்சிருந்துட்டு இப்ப குவாரன்டைன்ல, அதாவது ஃபெயிலானா ஸ்பாமுக்கு தள்ளுங்கிற ஓடர்ல, விட்டிருக்கேன். சித்தப்பாவோட மெயில ஷோ ஒரிஜினல் போட்டு பார்த்தா மூணும் பாஸ், டிகிம் பக்கத்துல நம்ம டொமைன் பேர். அத ஸ்கிரீன்ஷொட் எடுத்து அவருக்கு வட்ஸ்அப்ல அனுப்பினேன், "சரி தம்பி, அப்ப ஹொட் வோட்டர் விசயம் அவங்களுக்கு போகும்தானே"னு கேட்டாரு. போன கிழமை ரிப்போட்ல புதுசா ஒரு ஐபி, 2 மெயில், ரெண்டும் ஃபெயில். ரிஜெக்டுக்கு மாத்த முந்தி தங்கச்சிகிட்ட கேட்டுட்டு மாத்துவோம்னு பார்க்கிறேன், அவ எக்ஸாம்னு கோல் எடுக்குறா இல்ல.